ஒரு ரன் வெற்றியும் நான்கு ரன் பிழையும்

கேள்வி: காரைக்குடியை அடுத்த ஓர் ஊரின் கிரிக்கெட் அணிக்கு நான் தலைவன். பங்குனித் திருவிழாவையொட்டி எங்கள் பகுதியில் நடக்கும் 20 ஓவர் சுழற்கோப்பைப் போட்டியின் அரையிறுதியில், சென்ற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் அணியை 1 ரன் வித்தியாசத்தில் வென்றோம். முதலில் ஆடிய நாங்கள் 127 ரன். அவர்கள் 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 126. நடுவர்கள் இருவரும் ஸ்கோர் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். அன்றிரவு என் அக்காள் மகன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கைபேசிச் செயலியில் பந்து பந்தாக ஏற்றியபோது எங்கள் மொத்தம் 123-க்கு மேல் வரவே இல்லை. 14-ஆவது ஓவரில் நோ பால் (விதிமீறி வீசப்பட்ட பந்து) ஒன்று கீப்பரையும் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போயிருக்கிறது. அந்த 4 ரன்கள் இரண்டு முறை ஏறியிருக்கின்றன. அப்படிப் பார்த்தால் எதிரணி கடைசி ஓவரின் 4-ஆவது பந்திலேயே 124-ஐத் தொட்டு வென்றுவிட்டது. புத்தகம் எழுதியவர் என் பெரியப்பா. மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் நாற்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இறுதிப் போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. அணியில் பாதிப்பேர் வாயைத் திறக்காதே என்கிறார்கள். ஒருவன் அந்த இடத்தை அழித்து எழுதிவிடலாம் என்கிறான். முடிவு மாறுமா? நான் சொல்லித்தான் ஆகவேண்டுமா? சொன்னால் பெரியப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? இனிச் செயலியை மட்டும் வைத்துக்கொண்டு ஆடலாமா?

— ஓர் அணித் தலைவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. அதைச் சுருக்கியே மேலே தந்திருக்கிறேன். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முன்னதாகவே அனுப்பிவிட்டேன். இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் மற்ற அணிகளுக்கும் உதவும் என்று இங்கேயும் வெளியிடுகிறேன். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த இரண்டு பக்கங்களின் படத்தை வைத்துக்கொண்டு, நடுவராக முப்பது வருடம் நின்ற பழக்கத்தில், முதலில் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். உங்கள் அக்காள் மகன் சொல்வது சரி. அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

பிழை எங்கே நுழைந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் நான்கு கேள்விகளுக்கான விடையும் அதிலிருந்துதான் வருகிறது. 13 ஓவர் முடிவில் உங்கள் மொத்தம் 71 என்றும் 14 ஓவர் முடிவில் 87 என்றும் பெரியப்பாவின் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது. அதாவது அந்த ஓவரில் 16 ரன். ஆனால் பந்துவீச்சாளரின் கட்டத்தில் இருப்பது என்ன? ஒன்று, புள்ளி, வட்டமிட்ட நோ பால், இரண்டு, நான்கு, புள்ளி, புள்ளி. மட்டையிலிருந்து 7, நோ பாலுக்கு 1, ஆக 8 ரன் என்று ஓவரின் கீழே எழுதியிருக்கிறது. மட்டையில் படாமல் எல்லைக்கோட்டுக்குப் போன பந்துக்கான 4 பை ரன்களைச் சேர்த்தால் 12. 71-உம் 12-உம் 83. மீதி 4 எங்கிருந்து வந்தது என்று, மட்டையாளர் கணக்கில் சேராத உதிரி ரன்களின் பகுதிக்குப் போனால், நோ பால் வரிசையில் அந்தப் பந்துக்கு 5 என்றும், பை வரிசையில் அதே பந்துக்கு 4 என்றும் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதலாவது பெரியப்பாவின் எழுத்து. இரண்டாவது வேறொரு கையெழுத்து, பெரியப்பாவோடு பந்தலில் உட்கார்ந்திருந்ததாக நீங்கள் சொல்லியிருக்கும் உதவிப் பையனுடையதாக இருக்கவேண்டும்.

இருவரும் முட்டாள்தனமாக எதையும் செய்துவிடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த எம்.சி.சி. (கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கழகம்) விதித்தொகுப்புக்கு முன்பு, நோ பாலில் மட்டையில் படாமல் ஓடிய ரன்களும் எல்லைக்கோட்டுக்குப் போன ரன்களும் எல்லாமே நோ பால் என்றுதான் எழுதப்பட்டன. பந்துவீச்சாளரின் தலையில்தான் மொத்தமும் ஏறும். 2017-க்குப் பிறகு நோ பாலுக்கு உரிய 1 ரன் மட்டும் நோ பாலாகவும், மற்றவை பை அல்லது லெக் பையாகவும் (மட்டையாளரின் உடலில் பட்டு வந்த ரன்களாகவும்) எழுதப்பட வேண்டும். பழைய பழக்கத்தில் பெரியப்பா 5 என்று நோ பாலில் போட்டிருக்கிறார். நடுவர் நோ பாலுக்குக் கையை நீட்டி, பிறகு பைக்குத் தலைக்கு மேல் உள்ளங்கையை விரித்து, பிறகு நான்குக்குக் கையை அசைத்ததைப் பார்த்த பையன், புதிய விதிப்படி பையில் 4 என்று போட்டிருக்கிறான். ஒரே புத்தகத்தில் இரண்டு காலத்து விதிகள் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டன. பள்ளி மைதானங்களிலும் கண்மாய்ப் பொட்டல்களிலும் நான் பார்த்த ஸ்கோர் பிழைகளில் நோ பாலைச் சுற்றி நடப்பவையே அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கச் செயலி தேவைப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. ஸ்கோர் புத்தகம் இரட்டைப் பதிவுக் கணக்கு. ஒரு பக்கம் மட்டையாளர்களின் ரன்களோடு எல்லா உதிரிகளையும் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். மறுபக்கம் பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்களோடு பை, லெக் பை இரண்டையும் மட்டும் கூட்டினால் அதே மொத்தம் வரவேண்டும். வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏற்கெனவே இருப்பதால் அவற்றை இரண்டாம் முறை சேர்க்கக்கூடாது. உங்கள் புத்தகத்தில் மட்டையாளர்கள் எடுத்தது 104, உதிரிகள் வைடு 9, நோ பால் 7, பை 4, லெக் பை 3, ஆக 23, கூட்டினால் 127. மறுபக்கம் பந்துவீச்சாளர்கள் கொடுத்தது 116. பை 4, லெக் பை 3 சேர்த்தால் 123. கணக்கு 4 ரன் உதைக்கிறது. நோ பால் 7 என்பதை 3 என்று திருத்தினால் இரண்டு பக்கமும் 123-இல் வந்து நிற்கின்றன. பேரேட்டை முடித்து, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் வருடக் கணக்கைக் கட்டிவைக்காத வழக்கம் உங்கள் பகுதி வணிகர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கொண்டுவிற்க, அதாவது வெளியூர்களில் வணிகம் செய்யப் போன பிள்ளைகள், தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். அந்தச் சீமையில் இந்தப் பிழை நடந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. முடிவு மாறாது. எம்.சி.சி. விதி 16-இன் 10-ஆவது உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஆட்டம் முடிந்தபின் நடுவர்களும் ஸ்கோரர்களும் எண்ணிக்கை சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த முடிவை மாற்ற இயலாது. இதற்கு முந்தைய உட்பிரிவு, ஆட்டம் முடிந்துவிட்டதாக எண்ணி எல்லோரும் களத்தைவிட்டு வெளியேறியபின் நடுவர்கள் ஒரு பிழையைக் கண்டால், ஓவரும் நேரமும் மீதமிருக்கும் பட்சத்தில் ஆட்டத்தைத் தொடரச் சொல்வது உள்ளிட்ட வழிகளைத் தருகிறது. ஆனால் அந்த வழிகள் எல்லாம் ஒப்புதலுக்கு முன்புவரைதான். உங்கள் புத்தகத்தில் நடுவர்கள் இருவரின் கையெழுத்துகளும் இருக்கின்றன. கதவு அங்கே சாத்தப்பட்டுவிட்டது. எதிரணி புகார் கொடுத்தாலும், விழாக் குழு எம்.சி.சி. விதிகளையே போட்டியின் விதியாக அறிவித்திருந்தால், "1 ரன் வித்தியாசத்தில் வெற்றி" என்ற வரி அப்படியேதான் இருக்கும்.

இந்த விதி அநியாயமானது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். ஆட்டம் என்றால் அதற்கு முடிவு என்று ஒன்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போவதுபோல் போய்க்கொண்டே இருப்பார்கள். 2019 ஜூலை 14-ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைசி ஓவரில் நியூசிலாந்து வீரர் எறிந்த பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்குப் போனபோது 6 ரன்கள் கொடுக்கப்பட்டன. பந்து எறியப்பட்ட கணத்தில் மட்டையாளர்கள் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. ஆகவே விதிப்படி 5 ரன்கள்தான். நடுவர் தர்மசேன பிறகு அது பிழை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் 241–241 என்ற சமநிலையும், சூப்பர் ஓவரும், எல்லைக்கோட்டு அடிகளின் எண்ணிக்கையில் இங்கிலாந்து வென்றதும் எதுவும் மாறவில்லை. 2003 மார்ச் 3-ஆம் தேதி டர்பனில் இலங்கையோடு நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், மழை நெருங்கும் வேளையில், மழைக்கான டக்வொர்த்–லூயிஸ் கணக்குத் தாளைப் பார்த்து, 229 எடுத்தால் வெற்றி என்று தென்னாப்பிரிக்க மட்டையாளர்களுக்குச் செய்தி போயிருந்தது. முரளிதரன் பந்தில் சிக்ஸர் அடித்து 229-க்குக் கொண்டுவந்த பவுச்சர், அடுத்த பந்தைப் பத்திரமாகத் தடுத்து நிறுத்தினார். 229 சமநிலைக்கான எண். வெற்றிக்கு இன்னும் 1 தேவை. மழை வந்தது, ஆட்டம் சமன், போட்டியை நடத்திய நாடே வெளியேறியது. அச்சடித்த தாளைக் கையில் வைத்திருந்தவர்களே ஒரு எண்ணைத் தவறாக வாசித்தார்கள் என்றால், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கும் பஜ்ஜிக் கடைக் கூட்டத்துக்கும் நடுவில் பந்தலில் உட்கார்ந்து எழுதிய உங்கள் பெரியப்பாவை நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த இரண்டு ஆட்டங்களிலும் பிழை எல்லோருக்கும் தெரிந்த பிழை. உலகமே அதைப் பார்த்தது, பேசியது, தோற்றவர்களுக்கும் அது தெரிந்தது. உங்கள் 4 ரன்கள் இப்போது உங்களுக்கும் உங்கள் பதினொரு பேருக்கும் மட்டுமே தெரியும். உங்கள் நிலைமை மாறுபடுவது இங்கேதான். உங்கள் இரண்டாம் கேள்விக்கு நான் தயங்காமல் "ஆமாம், சொல்லித்தான் ஆகவேண்டும்" என்று பதில் எழுதுவதும் இதனால்தான். முடிவை மாற்ற முடியாது என்றுதான் விதி சொல்கிறதே தவிர, கணக்கைத் திருத்தக்கூடாது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இதை நான் எங்கேயோ படித்துவிட்டு எழுதவில்லை. நடுவர் தேர்வில் தேறி மூன்றாவது வருடம், ஓர் ஊர்க் கோப்பையின் காலிறுதியில் நின்றேன். ஊரின் பெயர் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், புளியமரத்தடியில் நீட்டப்பட்ட புத்தகத்தைத் திறந்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். எட்டு நாள் கழித்து ஸ்கோரர் என் வீட்டுக்கே வந்து, தோற்றதாக அறிவிக்கப்பட்ட அணிக்கு லெக் பையில் போன 4 ரன்களைச் சேர்க்க மறந்துவிட்டதாகவும், உண்மையில் ஆட்டம் சமன் என்றும் சொன்னார். விதி முடிந்துவிட்டது, இனிக் கிளறாதே என்று அவரை அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் சொன்னது சரி. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வேறொருவர் வாயிலாக அது தோற்ற அணியின் தலைவர் காதுக்குப் போயிற்று. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். அந்த இரண்டு ஊர்களும் அதன்பிறகு ஒன்றையொன்று போட்டிக்கு அழைக்கவே இல்லை. ஆட்டத்தில் தோற்றதை அவர்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள். எட்டாம் நாளே நான் தெரிந்துவைத்திருந்தேன் என்பதைத்தான் அவர்களால் தாங்கமுடியவில்லை.

உங்கள் ஊரும் பக்கத்து ஊரும் ஒரே கண்மாயின் தண்ணீரில் விவசாயம் செய்து, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அணியில் பதினொரு பேருக்கு இது தெரியும். அக்காள் மகனையும் சேர்த்தால் பன்னிரண்டு. இந்த ரகசியம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கும் என்று நீங்கள் நம்பினால் அது உங்கள் நல்ல மனம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதில் வரிசை முக்கியம். விழாக் குழுவிடம் முதலில் போகாதீர்கள். எதிரணித் தலைவர் உங்களுக்கு மூத்தவர் என்கிறீர்கள். அவர் வீட்டுக்கு நேரில் போங்கள், கைபேசியில் வேண்டாம், குரல் செய்தி அறவே வேண்டாம், அது அரை மணி நேரத்தில் எல்லாக் குழுக்களிலும் சுற்றிவிடும். புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். "அண்ணே, எங்க கணக்குல பிழை இருக்கு. எங்க மொத்தம் 123தான். நீங்களே கூட்டிப் பாருங்க" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு, அவர் கூட்டிப் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். நோ பால் விதி 2017-இல் மாறியது, பையன் அவசரப்பட்டான், ஒலிபெருக்கி சத்தம் என்ற விளக்கங்களை எல்லாம் அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காதவருக்குச் சொல்லும் விளக்கம் சால்ஜாப்பாகத்தான் காதில் விழும். இதைப் புதன்கிழமைக்குள் செய்துவிட வேண்டும். சனிக்கிழமை இரவு போய்ச் சொன்னால், அவருக்குத் தன் பையன்களைத் திரட்டவும் நேரம் இராது, நீங்கள் வேண்டுமென்றே தாமதித்தீர்கள் என்ற சந்தேகமும் மிச்சமாகும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பையன்கள் ஆட்டத்துக்காக வந்து போகிற அணிகளுக்கு நான்கு நாள் என்பது சிறிய விஷயமில்லை.

அவரிடம் சொல்லியபின் குழுவிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். இங்கே நீங்கள் முன்வைக்கக்கூடிய வழிகள் மூன்றுதான். இறுதிப் போட்டியிலிருந்து நீங்கள் விலகி, இடத்தை அவர்களுக்குக் கொடுப்பது ஒன்று. அவர்கள் மனமொப்பி ஆடச் சொன்னால் நீங்களே ஆடுவது இன்னொன்று. அரையிறுதியை மறுபடி நடத்துவது மூன்றாவது. மூன்றாவது வழியைத்தான் குழுவினர் உடனே சொல்வார்கள், பார்ப்பவர்களுக்கும் அது நியாயமாகத் தோன்றும், ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன். எதிரணி ஏற்கெனவே 124-ஐ எடுத்துவிட்டது. வெற்றிக்கான ரன் வந்த கணத்தில் ஆட்டம் முடிந்துவிடும் என்பது விதி. சரியான எண் பலகையில் இருந்திருந்தால் கடைசி இரண்டு பந்துகள் வீசப்பட்டே இருக்காது. 126-இல் இரண்டு ரன் தேவை என்று கடைசிப் பந்தைத் தூக்கி அடித்து லாங் ஆனில் உங்கள் தம்பியிடம் பிடிபட்டாரே, அந்த மட்டையாளர் முடிந்துபோன ஓர் ஆட்டத்தில் ஆட்டமிழந்தவர். அவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஜெயித்துக் காட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே விலகத் தயார் என்று எழுதிக்கொடுங்கள். நிபந்தனை எதுவும் வைக்காதீர்கள். பரிசுத் தொகையில் பாதி, அடுத்த வருடம் நேரடியாக அரையிறுதி என்ற பேரம் எதுவும் அந்தத் தாளில் இருக்கக்கூடாது. முடிவு எடுக்கும் உரிமை குழுவுக்கும், அவர்கள் கேட்டால் எதிரணிக்கும் உரியது. அவர்கள் "பரவாயில்லை, நீங்களே ஆடுங்கள்" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் ஆடுங்கள்; அதற்குமேல் விலகிக்கொண்டு நிற்பது பெருமை தேடும் வேலை. ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர்களும், பையன்களின் பெற்றோரும் கோபப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அணிக்குள் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். தலைவர் என்று டாஸ் போடுவதற்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்வதில்லை. 1980 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பொன்விழா டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்துவிட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை, இந்திய அணித் தலைவராக இருந்த விஸ்வநாத் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடி ஆட அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன்கள் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் அந்த இடத்தில் யாரிடமும் கைதூக்கச் சொல்லவில்லை. அவருக்காவது விதியின் கதவு திறந்திருந்தது. உங்களுக்குச் சாத்தியிருக்கிறது என்பதால் வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அழித்து எழுதிவிடலாம் என்று சொன்ன நண்பரைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போகமுடியவில்லை. இரண்டு பக்கமும் 127 வரவேண்டும் என்றால் அவர் எதைத் திருத்தவேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாரா? பந்துவீச்சாளரின் 14-ஆவது ஓவரில் 8 என்று இருப்பதை 12 என்று மாற்றவேண்டும். அந்தப் பந்துவீச்சாளர் எதிரணிப் பையன். அவன் கொடுக்காத 4 ரன்களை அவன் கணக்கில் ஏற்றினால்தான் உங்கள் பொய் நிற்கும். புத்தகத்தின் பேரில் கைவைக்காதீர்கள். பிழையான எண்ணின் மேல் கோடுகூட இழுக்கவேண்டாம். அதே பக்கத்தின் அடியில், "14-ஆவது ஓவரில் நோ பால் 5 என்பது 1 என்று இருக்கவேண்டும், சரியான மொத்தம் 123, அறிவிக்கப்பட்ட முடிவில் மாற்றமில்லை" என்று எழுதித் தேதி போட்டு, ஸ்கோரரும் முடிந்தால் நடுவர்களில் ஒருவரும் கையெழுத்திடட்டும். அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகத்தில் கீழே ஒரு திருத்தக் குறிப்பு இருப்பது அந்தப் புத்தகத்துக்கு மரியாதைதான்.

பெரியப்பா விஷயத்தில் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எதிரணித் தலைவரைப் பார்ப்பதற்கு முன்பே, நாளைக் காலையிலேயே, அவரிடம் போங்கள். பிழை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். "பெரியப்பா, பந்துவீச்சுப் பக்கம் கூட்டினா எனக்கு இடிக்குது, கொஞ்சம் பாருங்க" என்று புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் கொடுத்துவிட்டு, காப்பி வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருங்கள். நாற்பது வருடம் கணக்கு எழுதியவர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தவர் அவராக இருந்தால், திருத்தக் குறிப்பையும் அவரே தன் கையால் எழுதுவார். அதை எழுதும்போது அவருக்கு இருக்கும் நிமிர்வை நீங்கள் பார்ப்பீர்கள். மற்றவர்கள் வாயால் கேட்டால்தான் அவருக்குத் தலைகுனிவு. எதிரணித் தலைவரிடமும் குழுவிடமும் பேசும்போது பெரியப்பாவின் பெயரையோ பையனின் பெயரையோ எடுக்காதீர்கள். "எங்கள் கணக்கு" என்று பன்மையில் சொன்னால் போதும்.

குற்றத்தில் பங்கு என்று பார்த்தால் பெரிய பங்கு நடுவர்களுடையது, அதை நான் என் சொந்தக் கூட்டத்தாருக்கே எதிராகத்தான் எழுதுகிறேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று ஆட்டம் முழுவதும் உறுதிசெய்துகொள்வது நடுவர்களின் பொறுப்பு என்று விதி 2 சொல்கிறது. இடைவேளையில் ஸ்கோரர்களோடு எண்களை ஒப்பிட்டிருந்தால் 127-உம் 123-உம் அங்கேயே முட்டியிருக்கும், இலக்கு 124 என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். அத்தோடு, ஒவ்வொரு சைகைக்கும் ஸ்கோரரிடமிருந்து தனித்தனியாகப் பதில் சைகை வரும்வரை அடுத்த பந்தை வீச விடக்கூடாது. நோ பால், பை, நான்கு என்று மூன்று சைகைகளுக்கும் மூன்று பதில்கள் வந்திருந்தால், பந்தலில் பெரியப்பாவும் பையனும் ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்து ஒரே பந்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். உள்ளூர் ஆட்டங்களில் பந்தலில் யாராவது கையைத் தூக்கினாலே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

கடைசியாகச் செயலி. பல அணிகள் இப்போது அதை மட்டுமே நம்பி ஆடுகின்றன; பந்துவீச்சுப் பக்கமும் மட்டைப் பக்கமும் அதில் ஒன்றுக்கொன்று தானாகவே ஒத்துப்போவதால் உங்களுக்கு நேர்ந்த பிழை அதில் நேராது. ஆனால் லெக் பையை மட்டையாளர் பெயரில் தட்டிவிட்டால் அது அமைதியாக ஏற்றுக்கொள்ளும், இரண்டு பக்கமும் அழகாக ஒத்தும் போகும், யாருக்கும் சந்தேகமே வராது. தவிர, பங்குனி வெயிலில் நிழலில்லாத கண்மாய்ப் பொட்டலில் மூன்று மணி நேரம் திரையை எரியவிட்டால் கைபேசி சூடேறி அணைந்துவிடும். போன வருடம் ஓர் ஆட்டத்தில் 16-ஆவது ஓவரில் அப்படி நடந்து, மீதியைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதியில் நீங்கள் ஆடினாலும் சரி, பக்கத்து ஊரார் ஆடினாலும் சரி, இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியப்பா புத்தகத்திலும் உங்கள் அக்காள் மகன் செயலியிலும் எழுதட்டும். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் மொத்தம், விக்கெட், அந்த ஓவரின் உதிரிகள் மூன்றையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல மற்றவர் "சரி" என்று சொன்ன பிறகே ஒலிபெருக்கிக்காரரிடம் எண் போகட்டும். பந்தலை ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து முப்பது அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள், அவர்கள் பேசுவது அவர்களுக்கே கேட்கவேண்டும். நோ பால் வந்தால் மட்டும் ஓவர் முடியும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே இருவரும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். குழுவிடம் கொடுக்கும் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.